பூஜ்யத்திலிருந்து நாற்பது வரை

என் வகுப்பறையில் செல்போனுக்கு இடம் கிடையாது. உள்ளே வருகிற பிள்ளைகள் மேசைமேல் இருக்கும் பிஸ்கட் டின்னில் போனைப் போட்டுவிட்டுத்தான் கணினி முன்னால் உட்கார வேண்டும். வட்டமான நீல டின். பிஸ்கட் எப்போதோ தீர்ந்துபோய் வீடுகளில் ஊசி நூல் போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி டின். பதினாறு வருடமாக இந்தப் பள்ளியில் கணினி சொல்லிக்கொடுக்கிறேன், ஒரு நாள்கூட இந்த விதியைத் தளர்த்தியதில்லை. பிள்ளைகள் எனக்குப் பின்னால் என்ன பேர் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும். அதை இங்கே எழுத மாட்டேன்.

பிப்ரவரி பத்தாம் தேதிக்குப் பிறகு அந்த டின் காலியாக இருக்கும்போதும் அதிர ஆரம்பித்தது.

நான் பேய் பிசாசு நம்புகிறவள் இல்லை. எந்தக் கோளாறானாலும் ஒருமுறை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டால் பாதி சரியாகிவிடும் என்று நம்புகிறவள். முதல் நாள் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்தான் நடுங்குகிறது என்று நினைத்துக் குழாயை மூடிவிட்டுக் குளிரில் பாடம் நடத்தினேன். அப்போதும் அதிர்ந்தது. அப்புறம் படகாக இருக்கும் என்று நினைத்தேன். எங்கள் பள்ளிக்கூடம் டான்யூப் ஆற்றங்கரையிலேயே இருக்கிறது, அக்கரையில் ருமேனியா. லாரிகளை ஏற்றிக்கொண்டு போகும் படகு என்ஜினைப் போட்டால் எங்கள் ஜன்னல் கண்ணாடியெல்லாம் கிடுகிடுக்கும். ஆனால் படகு பிப்ரவரி பத்திலிருந்து ஓடவே இல்லை. அதன் மெக்கானிக் லூட்மில் அன்றைக்கு என்ஜின் அறையில் மாரடைப்பில் செத்துக் கிடந்தார், புது மெக்கானிக் இன்னும் கிடைக்கவில்லை.

தினமும் மூன்றாவது பீரியட், பத்து மணி தாண்டி இரண்டு மூன்று நிமிடம். ஐந்து முறை அதிரும், நின்றுவிடும். டின்னை மேசையிலிருந்து எடுத்து அலமாரிமேல் வைத்தேன். பிள்ளைகளிடம் போனை அணைத்துப் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். பதினாறு வருட விதியை நானே உடைத்ததில் அவர்களுக்கு ஆச்சரியம். ஏன் என்று யாரும் கேட்கவில்லை, அவர்களுக்கும் அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

லூட்மிலின் மகள் பிசேரா என் ஏழாம் வகுப்பில் படிக்கிறாள். இனி நான் சொல்லப்போவதை அந்த வசந்தம் வரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை.

பத்தாம் தேதி திங்கட்கிழமை. மூன்றாவது பீரியடில் லூப் தொடங்கினேன். கணினிப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் அதுதான், கொஞ்சம் எழுதினால் கணினி நிறைய வேலை செய்யும்.

"ஒரே வேலையைத் திருப்பித் திருப்பிச் செய்யணும்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"எங்கம்மாவைக் கூப்பிடுவேன் டீச்சர்" என்றான் கலோயன். வாயைப் பள்ளிக்கூட வாசலில் கழற்றி வைக்கச் சொன்னாலும் கழற்ற மாட்டான் அவன். "'எழுந்திரு, எழுந்திரு'ன்னு காலையில நூறு தடவை சொல்லுவாங்க."

"சரி. அந்த லூப் எப்ப நிக்கும்?"

"அப்பா செருப்பைக் கையில எடுத்துட்டு வந்ததும் நிக்கும்."

வகுப்பே சிரித்தது. மொத்தமே ஒன்பது பேர்தான். பாதி ஊர் இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் போய்விட்ட ஊரில் ஒன்பது பேர் கொண்ட வகுப்பு என்பது பெரிய வகுப்பு. நானும் சிரித்தேன். அப்போதுதான் டின்னுக்குள் ஒரு போன் அதிர்ந்தது. எட்டிப் பார்த்தேன். கீறல் விழுந்த திரையில் 'அப்பா' என்று இருந்தது. அது பிசேராவின் போன் என்று எனக்குத் தெரியும், திரையின் மேல் ஓரத்தில் பூனை ஸ்டிக்கர் ஒட்டியிருப்பாள்.

விட்டுவிட்டேன். மறுபடி அடித்தது. மறுபடியும். தகர டின் வேறு, வகுப்பறை முழுக்கக் கடகடத்தது. நாலாவது தடவை பிள்ளைகளின் கவனம் கலைவதைப் பார்த்து எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்பாக்களுக்குத் தெரியாதா, பிள்ளை பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம் என்று? என் கழுத்தில் இருந்த கம்பளித் துணியை உருவி, சுருட்டி, போனுக்கு அடியில் வைத்தேன். போனைக் குப்புறத் திருப்பினேன். ஐந்தாவது தடவை அடித்தபோது சத்தமே வரவில்லை.

பதினொரு மணிக்குத் துறைமுகத்து ஆள் ஒருவர் தொப்பியைக் கையில் பிடித்தபடி பள்ளிக்கூடத்துக்கு வந்தார். ஐந்தும் பத்து மணி இரண்டு நிமிடத்துக்கும் பதினொரு நிமிடத்துக்கும் நடுவில் வந்த அழைப்புகள். லூட்மில் வேறு யாரையும் கூப்பிட்டிருக்கவில்லை. டாக்டர் என்ன சொன்னார், கொஞ்சம் முன்னால் ஆள் போயிருந்தால் ஏதாவது நடந்திருக்குமா என்று நான் யாரிடமும் விசாரிக்கவில்லை. விசாரிக்கப் பயமாக இருந்தது. டின்னில் அடித்தது யார் போன், கூப்பிட்டது யார் என்று யாரும் பார்க்கவில்லை என்றே எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

செத்துப்போனவர்கள் நாற்பது நாள் எங்கேயும் போவதில்லை என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. வீட்டிலும், நடந்த தெருவிலும், வேலை செய்த இடத்திலும் சுற்றிக்கொண்டிருப்பார்கள். நாற்பதாம் நாள் கல்லறையில் கோதுமை வைத்து, மெழுகுவத்தி ஏற்றி, திராட்சை மது ஊற்றி அனுப்பி வைப்பார்கள். அன்றைக்கு எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியது ஏதாவது பாக்கியிருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும். ஒரு நாள் முன்னதாகக்கூட அந்தச் சடங்கைச் செய்யலாம், பின்னால் தள்ளக் கூடாது. அதுவும் மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும், பன்னிரண்டு மணிக்கு மேல் யாரும் கல்லறைக்குப் போக மாட்டார்கள்.

இதில் எதையும் நான் நம்பவில்லை. ஆனால் டின் அதிர அதிர, என்னை அறியாமலேயே எனக்குள் ஒரு கெடு விழுந்துவிட்டது. நாற்பது முடிவதற்குள் பிசேராவிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். திங்கட்கிழமை சொல்லலாம் என்று நினைப்பேன், வெள்ளிக்கிழமைக்குத் தள்ளுவேன். வெள்ளிக்கிழமை அவள் முகத்தைப் பார்த்ததும் திங்கட்கிழமைக்குத் தள்ளுவேன். லூப் சொல்லிக்கொடுக்கிற எனக்கு அந்த லூப்பை நிறுத்தத் தெரியவில்லை.

எண்ணிக்கை சம்பந்தமாக ஆளுக்கொரு புரோகிராம் எழுதி வரச் சொல்லியிருந்தேன். கலோயன் கால்பந்தில் தான் வாங்கிய சிவப்பு அட்டைகளை எண்ண ஒன்று எழுதினான். பிசேரா எழுதியது வேறு. ஒருவர் செத்த தேதியைக் கொடுத்தால் ஒவ்வொரு நாளாகக் கூட்டிக்கொண்டே போய் ஒன்பதாம் நாள், நாற்பதாம் நாள், ஆறு மாதம், ஒரு வருடம் எல்லாம் என்ன தேதி, என்ன கிழமை என்று சொல்லும். கடைசியில் சாவு அறிவிப்பு அச்சடிக்கிற மாதிரியே பக்கமும் தயாராகும்.

எங்கள் ஊரில் இது விபரீதமான விஷயம் இல்லை. கதவு, மரம், பேருந்து நிறுத்தம், ரொட்டிக் கடைச் சுவர் என்று எங்கே பார்த்தாலும் அந்தக் காகிதங்கள்தான். மேலே போட்டோ, கீழே 'நீ போய் நாற்பது நாள்', 'நீ போய் ஆறு மாதம்'. அச்சகம் மூடியதிலிருந்து நல்ல பிரிண்டர் பள்ளிக்கூடத்தில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் ஊர் சனம் என்னிடம்தான் வரும். பிள்ளைகள் அந்தக் காகிதங்களுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள், படிக்கப் பழகுவதே பாதி அதில்தான்.

பிசேரா புரோகிராமை ஓட்டிக் காட்டினாள். பிப்ரவரி பத்து என்று கொடுத்தாள். நாற்பதாம் நாள் மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை என்று வந்தது.

"நல்லாயிருக்கு" என்றேன். திரையை நிமிர்ந்து சரியாகக்கூடப் பார்க்கவில்லை. ஆறு மதிப்பெண் போட்டேன், எங்களுக்கு அதுதான் உச்சம். என் மனச்சாட்சிக்கு நான் கொடுத்த லஞ்சம் அது. அவள் அன்றைக்கு வெறும் காகிதத்தை நீட்டியிருந்தாலும் ஆறுதான் போட்டிருப்பேன்.

சனிக்கிழமை என்றதும் அவளுக்கு ஒரே சந்தோஷம். அவள் அம்மா விலியானா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். இறுதிச் சடங்குக்கு வந்துவிட்டு, ஒன்பதாம் நாள் முடிந்ததும் திரும்பிப் போயிருந்தாள். வெள்ளிக்கிழமை மதியம் பஸ் ஏறினால் சனிக்கிழமை காலை ஊருக்கு வந்துவிடலாம். அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாள். அறிவிப்பை நானே நாற்பது பிரதி எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குக் குறுக்கே வந்தவள் மரியெட்டா. லூட்மிலின் அக்கா, எங்கள் பள்ளிக்கூடச் சமையற்காரி. பிசேரா இப்போது அவள் வீட்டில்தான் இருக்கிறாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கரண்டியோடு என் மேசைக்கு வந்து நின்றாள்.

"டீச்சரம்மா, தேதி தப்பா இருக்கு. என் கணக்குல வெள்ளிக்கிழமை வருது."

"எப்படி வருது?"

அவள் விரல் மடக்கி எண்ணிக் காட்ட ஆரம்பித்தாள். ஒரு கையில் கரண்டி வேறு. பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள்.

"கரண்டியையும் சேர்த்து எண்ணிட்டே போலிருக்கு மரியெட்டா" என்றேன். சிரிப்பு கிளம்பியது. "பிள்ளைங்க கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்திருக்காங்க. அதுக்குக் கண்ணு மங்காது, விரல் வீங்காது. நீ சூப்பைப் பாரு."

"ஆமா அத்தை" என்றாள் பிசேரா. "கம்ப்யூட்டர் பூஜ்யத்துல இருந்து எண்ணும். டீச்சர் சொல்லிக்கொடுத்திருக்காங்க. நீங்கதான் ஒண்ணுல இருந்து எண்றீங்க."

"எனக்குப் பூஜ்யமெல்லாம் தெரியாது கண்ணு" என்றாள் மரியெட்டா. "செத்தது ஒரு நாள். அது ஒண்ணு." முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போனாள். டிக்கெட் போட்டாகிவிட்டது, காகிதம் ஒட்டியாகிவிட்டது, படித்த டீச்சர் வேறு சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவள் என்ன பேசுவாள்? பிசேரா என் பக்கம் நின்றதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

மார்ச் இருபத்தொன்று, வெள்ளிக்கிழமை. மறுநாள் விடிந்தால் நாற்பது, எனக்கு இருப்பது இந்த ஒரு நாள்தான் என்று நினைத்துக்கொண்டு போனேன். பாடம் முடிந்ததும் பிசேராவை மட்டும் நிறுத்தி வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவு. பாடம் என்னமோ எளிதானதுதான், லூப்பை ஆட்களை வைத்து நடத்திக் காட்டுவது. எட்டுப் பேர் மணிக்கட்டில், வசந்தத்தை வரவேற்று மார்ச் மாதத்தில் கட்டிக்கொள்ளும் சிவப்பு வெள்ளைக் கயிறு ஆடியது. பிசேராவின் கை துக்கத்தால் வெறுமையாக இருந்தது.

"எல்லாரும் எழுந்து வரிசையா நில்லுங்க. ஒவ்வொருத்தரும் லூப்போட ஒரு சுற்று. உங்க நம்பரைக் காகிதத்துல எழுதி நெஞ்சுல பிடிச்சுக்கங்க. எதுல இருந்து ஆரம்பிப்போம்?"

"பூஜ்யம்!" என்று கத்தினார்கள். அதை அவர்கள் மண்டையில் ஆணி அடித்து இறக்கியவள் நான்தான்.

"டீச்சர், நான் பூஜ்யமா?" என்றான் முதலில் நின்ற கலோயன். "எங்கப்பா வீட்டுல சொல்றதை நீங்க எழுத்துலயே கொடுத்துட்டீங்க."

"நில்லுடா பேசாம. பிசேராவோட புரோகிராமையே ஓட்டிப் பார்ப்போம். கலோயன்தான் முதல் நாள். ஒவ்வொருத்தரா நாளைச் சத்தமா சொல்லிட்டே வாங்க."

இப்படி நான் சொன்ன அந்த விநாடிதான் அலமாரிமேல் டின் அதிர்ந்தது.

யாரும் அசையவில்லை. கலோயன்கூட வாயைத் திறக்கவில்லை. வரிசை முழுக்க முகங்கள் வெளுத்துப்போய் மேலே பார்த்தன. ஒருமுறை. இரண்டு. மூன்று. காலி டின் அலமாரித் தகரத்தின் மேல் தானாகவே நகர்ந்து, விளிம்புக்கு ஒரு விரற்கடை தூரத்தில் வந்து நின்றது.

"சொல்லுங்க" என்றேன். "நாளைச் சொல்லுங்க."

"முதல் நாள்" என்றான் கலோயன், கையில் பூஜ்யம். "ரெண்டாவது நாள்" என்றாள் பக்கத்தில் நின்றவள், கையில் ஒன்று. மூன்றாவது நாள். நாலாவது நாள். டின் மறுபடி அதிர்ந்தது. எட்டாவது நாள் என்று சொன்னவன் கையில் ஏழு. வரிசையின் கடைசியில் பிசேரா நின்றாள்.

கையில் இருந்த காகிதத்தைப் பார்த்தாள். வரிசையின் ஆரம்பத்தைப் பார்த்தாள். மறுபடி காகிதத்தைப் பார்த்தாள்.

"டீச்சர், நான் ஒன்பதாவது ஆள். நான்தான் ஒன்பதாம் நாள்." காகிதத்தைத் திருப்பிக் காட்டினாள். "ஆனா என் கையில எட்டுதான் இருக்கு."

"அதனால?"

"என் புரோகிராம் நம்பர் ஒன்பது ஆனப்புறம்தான் ஒன்பதாம் நாள்னு சொல்லும். அதுக்குப் பத்தாவதா இன்னொரு ஆள் வேணும்." காகிதத்தைக் கீழே இறக்கினாள். "நாற்பதுக்கும் அப்படித்தானே? ஒரு நாள் கூடுதலா போயிருக்கு. அத்தை எண்ணினதுதான் சரி டீச்சர். நாளைக்கு இல்ல, இன்னிக்குத்தான்."

ஐந்தாவது முறை அதிர்ந்து டின் நின்றது.

கணினி பூஜ்யத்திலிருந்து எண்ணும் என்பதை நான் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எண்ணத் தொடங்குகிற எண் பூஜ்யம் என்றால் நாற்பதாவது சுற்றில் அது முப்பத்தொன்பதில்தான் நிற்கும் என்பது பச்சைப் பிள்ளைக்கான பாடம். அவள் புரோகிராமை ஒரே ஒரு நிமிடம் ஒழுங்காகப் பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். நான் பார்க்காமல் ஆறு போட்டேன், விரலால் சரியாக எண்ணியவளைப் பார்த்துப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தேன்.

கடிகாரம் பத்து மணி பதினொரு நிமிடம் காட்டியது. கல்லறை மேட்டுக்கு நடந்தால் முக்கால் மணி நேரம்.

"கோட்டைப் போட்டுக்கங்க" என்றேன்.

"யாரு டீச்சர்?" என்றான் கலோயன்.

"எல்லாரும்."

சமையலறையில் மரியெட்டா மறுநாளைக்கான கோதுமையை அப்போதுதான் வேகவைத்து இறக்கியிருந்தாள். துணியில் பரப்பி இரவு முழுக்கக் காயவிட வேண்டும், அப்புறம்தான் சர்க்கரை சேர்ப்பார்கள். நான் வாசலில் நின்றேன்.

"இன்னிக்குத்தான் மரியெட்டா. நீ சொன்னதுதான் சரி."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. "கோதுமை ஈரமா இருக்கே" என்றாள். ஏப்ரனைக் கழற்றினாள், கொதிக்கக் கொதிக்க இருந்த கோதுமையைத் துணியோடு அள்ளிப் பாத்திரத்தில் போட்டாள். அப்புறம்தான் அழுதாள். "தம்பி கல்லறை வாசல்ல நின்னுட்டு இருந்திருப்பானே காலையில இருந்து" என்றாள்.

நாங்கள் பதினொரு பேர் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே போனோம். தலைமை ஆசிரியர் ஜன்னலைத் திறந்து ஏதோ கேட்க வந்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு ஜன்னலை மூடிக்கொண்டார். வழியெல்லாம் ரொட்டிக் கடையிலும் மின்கம்பத்திலும் லூட்மில் சிரித்துக்கொண்டிருந்தார். கீழே சனிக்கிழமை என்று என் பிரிண்டர் அச்சடித்த தேதி. பிசேரா நடந்துகொண்டே அம்மாவுக்குப் போன் செய்தாள். விலியானா இத்தாலியில் பஸ் நிலையத்தில் பைகளோடு காத்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் அவள் கத்திய சத்தம் பக்கத்தில் நடந்த எங்களுக்கெல்லாம் கேட்டது. அப்புறம் போனை அணைக்காமலேயே பிசேராவோடு வந்தாள்.

மேட்டில் ஏறி முடிக்கும்போது மணி பதினொன்று பத்து. மரச் சிலுவை, இன்னும் கல் வைக்கவில்லை. பாதிரியார் மறுநாளைக்குத்தான் வருவார், அதனால் மரியெட்டாவே தெரிந்த வரைக்கும் செபம் சொன்னாள். மெழுகுவத்தி காற்றில் நாலு தடவை அணைந்து ஐந்தாவதில் நின்று எரிந்தது. கோதுமையோடு கொடுக்க வேறெதுவும் இல்லையே என்று அவள் தவித்தபோது, பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பையைத் திறந்தார்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த சீஸ் அடை, வேஃபர், பாதி கடித்த ஆப்பிள். எல்லாவற்றையும் துணிமேல் வைத்தார்கள். கலோயன் ஒரு ஆரஞ்சுச் சாறு பெட்டியை எடுத்து, "மது இல்லை, இது பரவாயில்லையா அத்தை?" என்று கேட்டான். மரியெட்டா அதை வாங்கி மண்ணில் சிலுவை போல ஊற்றினாள்.

பிசேரா போனின் சத்தத்தைக் கூட்டிச் சிலுவையடியில் வைத்தாள். விலியானா கணவனிடம் பேசினாள். நாங்கள் கொஞ்சம் தள்ளி நின்றோம். அவள் என்ன சொன்னாள் என்பது எங்களுக்கானது இல்லை. அது முடிந்ததும் பிசேரா மண்டியிட்டு அவளும் ஏதோ சொன்னாள், உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. எழுந்து, கோதுமையைக் காகிதக் கோப்பைகளில் போட்டு, "கடவுள் அவரை மன்னிக்கட்டும்" என்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தாள். வாங்குகிறவர்களும் அதையே திருப்பிச் சொன்னார்கள். மரியெட்டா பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாசல் பக்கம் போனாள்.

மணி பன்னிரண்டாக இன்னும் இருபது நிமிடம். என் கையில் ஈரக் கோதுமை. நாற்பது நாளாகத் தள்ளிப் போட்டதற்கு இனித் தள்ள இடம் இல்லை.

"பிசேரா, அன்னிக்கு டின்ல உன் போன் அடிச்சுது. அஞ்சு தடவை. உங்கப்பான்னு தெரிஞ்சுது. தெரிஞ்சேதான் என் கழுத்துத் துணியை அடியில வெச்சு, போனைக் கவுத்தேன்."

"தெரியும் டீச்சர்."

"எப்படித் தெரியும்?"

"சத்தம் சட்டுன்னு நின்னுச்சு. நிமிர்ந்து பார்த்தேன், உங்க கழுத்துல துணி இல்ல. நீங்க என்னைத்தான் பார்த்துட்டு இருந்தீங்க. அது என் போன்தான்னு புரிஞ்சுது."

"அப்ப ஏன்டி எழுந்து வரல?"

கோபமோ அழுகையோ இல்லை அவள் முகத்தில், கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்ல வேண்டுமே என்று யோசிக்கிற முகம்தான்.

"நீங்க திட்டுவீங்கன்னு."

வாய்க்கு வந்ததைப் பேசுவது என் குணம், பிள்ளைகளுக்கும் அது பழகிவிட்டது, உள்ளுக்குள் ரசிக்கிறார்கள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி அப்பாவின் கடைசி அழைப்பைவிட என் வாயைப் பெரிதாகப் பயந்திருக்கிறாள். உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. உட்கார அங்கே கல்லறைகள் மட்டும்தான் இருந்தன.

"நீங்களே சொல்வீங்கன்னு ஒவ்வொரு கிளாஸ்லயும் பார்த்துட்டே இருந்தேன்" என்றாள். "அவரும் தினம் வந்து கேட்டுட்டுப் போனாரு. உங்களுக்கும் கேட்டுச்சு இல்ல?"

"கேட்டுச்சு" என்றேன். "என்னை மன்னிச்சிடு பிசேரா."

"எங்கிட்ட ஏன் கேக்கறீங்க? அவர்கிட்ட கேளுங்க. இன்னும் நேரம் இருக்கு." சிலுவையைக் கையால் காட்டினாள். "அவர் மன்னிச்சிடுவார். இன்னிக்கு எல்லாத்தையும் விட்டுட்டுத்தான் போகணும், வேற வழியில்ல. நான் எங்கயும் போகலையே டீச்சர்."

நான் லூட்மிலிடம் கேட்டேன். நம்பிக்கை இல்லாதவள், பட்டப்பகலில், ஒரு மரச் சிலுவையிடம், வாய்விட்டு. என்ன சொன்னேன் என்று நினைவில்லை. போனைக் கவிழ்த்ததைச் சொன்னேன். துணியைச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் எவ்வளவு நேரம் அடித்தது என்றுகூடச் சொன்னதாக ஞாபகம். ஆற்றுப் பக்கமிருந்து காற்று வீசியது, வேறெதுவும் நடக்கவில்லை.

சிலுவையடியில் இருந்த போனை பிசேரா எடுத்துக் காதில் வைத்தாள். அவள் அம்மா இன்னும் அணைக்கவே இல்லை. கொஞ்சம் கேட்டுவிட்டு, கையால் பொத்திக்கொண்டு என்னிடம் நீட்டினாள்.

"காத்து சத்தத்துல அம்மாவுக்கு எதுவும் கேக்கலயாம். நீங்க சரியான நேரத்துக்கு எங்களைக் கூட்டிட்டு வந்தீங்களாம். நன்றி சொல்லணுமாம்."

அம்மாவிடம் உண்மையைச் சொல்லுங்கள் என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. போனை வாங்கினேன்.

"டீச்சரம்மா, நீங்க மட்டும் இல்லேன்னா என் பொண்ணு இன்னிக்கு…" என்று விலியானா விம்மிக்கொண்டே ஆரம்பித்தாள்.

"விலியானா, பஸ் வந்துடுச்சா? உக்கார இடம் இருந்தா உக்காந்துக்கங்க" என்றேன். "நான் சொல்றதைக் கேட்டுட்டு அப்புறமா எனக்கு நன்றி சொல்லணுமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க. பிப்ரவரி பத்தாம் தேதி, மூணாவது பீரியட்ல…"

பிசேரா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.